கட்டியை எடுத்த பிறகும் கதிர் எதற்கு?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள ரெங்கத்தில் எங்கள் கோயில் மடப்பள்ளியில் வெள்ளிக்கிழமை காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவர் எனக்கு அக்கா முறை, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர். பழைய தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் நாங்கள்.

"கட்டிய முழுசா எடுத்தாச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. தையலும் ஆறிடுச்சு. இப்ப ஜொகூர் பாருவுக்கு வந்து பதினஞ்சு நாள் கரண்டு வைக்கணுங்கிறாங்க. இல்லாத நோய்க்கு எதுக்கும்மா கரண்டு?"

கரண்டு என்று அவர் சொன்னது கதிர் சிகிச்சையை. நான் அரசாங்க கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியைப் பல வடிவங்களில் கேட்டிருக்கிறேன். பதில் கிடைக்காமலே வீட்டில் இருந்துவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை; கையில் ஒரு தேதி எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அறுவை சிகிச்சையைப் பற்றி. மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு விதமாக அறுவை செய்கிறார்கள். ஒன்று, மார்பை முழுவதுமாக எடுப்பது. இன்னொன்று, கட்டியையும் அதைச் சுற்றி ஒரு விளிம்பு நல்ல சதையையும் மட்டும் எடுத்துவிட்டு மார்பை அப்படியே விட்டுவைப்பது. அக்காவுக்கு நடந்தது இரண்டாவது. எடுத்த சதையின் வெளிப்புறம் முழுக்க மை தடவி, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுச் செல் இல்லை என்றால் ஓரம் சுத்தம் என்று அர்த்தம். "முழுசா எடுத்தாச்சு" என்று டாக்டர் சொன்னது அதைத்தான். அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் ஓரம் சுத்தம் என்பதும் மார்பு முழுவதும் சுத்தம் என்பதும் ஒன்றல்ல. 1985ல் நெதர்லாந்தில் ரோலண்ட் ஹாலண்ட் என்பவரின் குழு, ஒரே ஒரு சிறிய கட்டிதான் இருக்கிறது என்று நினைத்து எடுக்கப்பட்ட மார்புகளை முழுவதுமாகச் சீவிப் பார்த்தது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட மார்புகளில், கட்டியிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்கு அப்பாலும் பொடிப் பொடியாகப் புற்றுச் செல்கள் இருந்தன. கையால் தடவினால் தெரியாது. மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மெமோகிராமிலும் தெரியாது. அவை எங்கே இருக்கின்றன என்று தெரிந்தால் அறுவை மருத்துவர் எடுத்துவிடுவார். தெரியாது என்பதுதான் சிக்கல்.

லாலான் புல் பிடுங்கியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே தெரியும் புதரைக் கொத்தி எடுத்துவிடலாம், இடம் வெறிச்சென்று ஆகிவிடும். மண்ணுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு வேர்த்துண்டு கிடந்தால் போதும், அடுத்த மழைக்கு அங்கேயே முளைத்து நிற்கும். எந்த இடத்தில் துண்டு கிடக்கிறது என்று தெரியாததால் அந்தப் பாத்தி முழுவதற்கும் மருந்து அடிக்கிறோம். கட்டி எடுத்த பிறகு மார்பு முழுவதற்கும் கதிர் வைப்பது இதற்காகத்தான். அக்கா இதைக் கேட்டுவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். லயத்துக்குப் பின்னால் அவருடைய அம்மா லாலானோடு போராடியதை நாங்கள் இருவரும் பார்த்தவர்கள்.

இப்போது ஒரு பழைய கதை. மார்பை விட்டுவைக்கலாம் என்பது சும்மா வந்த சலுகை இல்லை. அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். மார்பு, அதற்கு அடியில் உள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து எடுப்பது. உயிர் பிழைத்த பெண்களின் நெஞ்சு குழிந்தும், கை வீங்கியும் போனது. ஏறக்குறைய எழுபது, எண்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை. நடுவில் சிலர் வேறு மாதிரி யோசித்தார்கள். லண்டனில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் 1920களிலேயே ரேடியம் ஊசிகளை மார்பில் செருகிப் பார்த்தார். டொரோண்டோவில் வேரா பீட்டர்ஸ் என்ற பெண் மருத்துவர், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைத்த தன் நோயாளிகளின் விவரங்களைப் பல ஆண்டுகள் பொறுமையாகத் தொகுத்துக் காட்டினார். பெரிய மருத்துவர்கள் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை.

திருப்பம் 1970களில் வந்தது. இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி, 701 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் முறை. மற்றவர்களுக்கு மார்பின் ஒரு கால்பகுதியை மட்டும் எடுத்துக் கதிர். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976ல் தொடங்கிய ஆய்வில் மூன்று பிரிவுகள்: முழு மார்பையும் எடுத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்தவர்கள், கட்டியை எடுத்துக் கதிரும் வைத்தவர்கள். இரண்டு ஆய்வுகளுக்கும் இருபது ஆண்டுக் கணக்கு 2002ல் வெளியானது. மார்பை இழந்தவர்களும் மார்பைக் காத்துக்கொண்டவர்களும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். உயிருக்காக மார்பைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நூறாண்டு நம்பிக்கை அத்தோடு விழுந்தது.

இதில் அக்காவின் கேள்விக்கு நேரடியான பதிலும் இருக்கிறது. ஃபிஷரின் ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் வைக்காதவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு இருபது ஆண்டுகளுக்குள் அதே மார்பில் புற்றுநோய் திரும்பி வந்தது. கதிர் வைத்தவர்களில் 14 பேருக்கு. அத்தனை பேருக்கும் அறுவை முடிந்து ஓரம் சுத்தம் என்று சொல்லப்பட்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

"அதே மார்பில் திரும்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாமே?" என்று ஒருவர் கேட்கலாம். திரும்பி வருவது சில சமயம் அந்த இடத்தோடு நிற்பதில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆய்வுக் குழு ஒன்று 17 ஆய்வுகளில் இருந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2011ல் கணக்குப் போட்டது. பத்து ஆண்டுகளில் நோய் எங்காவது திரும்பியவர்கள் கதிர் இல்லாமல் நூற்றுக்கு 35, கதிரோடு 19. பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் கதிர் இல்லாமல் 25, கதிரோடு 21. நான்கு பேருக்கு நோய் திரும்பாமல் தடுத்தால் அதில் ஓர் உயிர் மிஞ்சுகிறது என்று அந்தக் கணக்கைச் சுருக்கிச் சொல்வார்கள். இவை பழைய காலத்து நோயாளிகளின் எண்கள். இன்று மருந்துகள் முன்னேறியதால் இரண்டு பக்க எண்களும் இறங்கியிருக்கின்றன. ஆனால் கதிர் வைத்த பக்கம்தான் இன்றும் கீழே இருக்கிறது.

சரி, கதிர் என்ன செய்கிறது? கரண்டு என்று நம் பக்கத்தில் சொல்கிறார்களே தவிர, உடம்பில் மின்சாரம் எதுவும் ஏறாது. இது எக்ஸ்ரே. நெஞ்சுப் படம் எடுக்கும் அதே வகைக் கதிர்தான், சக்தி மட்டும் பல மடங்கு. இயந்திரத்துக்குள் எலக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்கும் அளவுக்கு விரட்டி ஓர் உலோகத் தகட்டில் மோத விடுகிறார்கள். அந்த மோதலில் கதிர் பிறக்கிறது. அது செல்லின் மையத்தில் உள்ள மரபணு இழையை அறுக்கிறது. இழை அறுந்த செல் பிரிந்து பெருக முடியாமல் செத்துப்போகும்.

நல்ல செல்லுக்கும் அதே அடிதான் விழுகிறது. ஆனால் நல்ல செல்லுக்கு அறுந்ததை ஒட்டவைக்கும் திறமை அதிகம். சில மணி நேரத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்துவிடும். புற்றுச் செல்லுக்கு அந்தத் திறமை குறைவு. அதனால்தான் முழு அளவையும் ஒரே நாளில் கொடுக்காமல் தினமும் சிறிது சிறிதாகப் பிரிக்கிறார்கள். பால்மரம் சீவியவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவார்கள். மரத்துக்கு ஓய்வு கொடுத்தால் பால் ஊறும், சீவிய பட்டையும் மெல்ல வளர்ந்து மூடும். ஆழமாகக் கத்தி இறக்கினால் மரத்தில் காயம்பட்டு முண்டு முண்டாகப் புடைக்கும். கதிர் சிகிச்சையின் நாள் கணக்குக்குள் இருப்பதும் இதே நிதானம்தான்.

ஆகவே நடுவில் நாலு நாள் விட்டுவிட்டுப் பிறகு போகலாம் என்பது இங்கே செல்லாது. நீங்கள் ஓய்வெடுக்கும் நாளில் மிச்சமிருக்கும் புற்றுச் செல் மறுபடி பெருகப் பார்க்கிறது. இயந்திரம் பழுது, பொது விடுமுறை என்று ஓரிரு நாள் தள்ளினால் அவர்களே கணக்கைச் சரிசெய்வார்கள். நாமாக நிறுத்தக் கூடாது.

எத்தனை நாள் என்பது இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், அதாவது 25 தடவை. கதிரின் அளவைக் கிரே என்று சொல்வார்கள். மொத்தம் 50 கிரே. பிறகு பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த ஆய்வுகளால், மூன்று வாரத்தில் 15 அல்லது 16 தடவையே போதும் என்று ஆனது. பிரிட்டனில் 40 கிரே கணக்கு. 2020ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு, ஒரே வாரத்தில் ஐந்து தடவையாக 26 கிரே கொடுத்தும் ஐந்தாண்டுக் கணக்கில் பலன் குறையவில்லை என்று காட்டியது. சில மையங்கள் சிலருக்கு அப்படியும் செய்கின்றன. வயது குறைந்தவர்களுக்கும், திரும்பும் அபாயம் கூடியவர்களுக்கும் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தடவை வைப்பார்கள்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். பயம் பெரும்பாலும் தெரியாததால் வருவது. முதல் நாள் கதிர் வைக்க மாட்டார்கள். சிடி ஸ்கேன் எடுத்து அளவு பார்ப்பார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு சொல்லிக்கொடுத்த தோள் பயிற்சியைச் செய்யாதவர்கள் இங்கேதான் தவிப்பார்கள். கை ஏறாவிட்டால் படுக்கவே முடியாது. ஆகவே சுவரில் விரலால் ஏறும் அந்தப் பயிற்சியை வீட்டு வாசலிலேயே தினமும் செய்யுங்கள். ஸ்கேன் முடிந்ததும் தோலில் கடுகளவு புள்ளிகள் பச்சை குத்துவார்கள், அல்லது மையால் கோடு போடுவார்கள். ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் குறி தப்பாமல் இருக்க இந்த அடையாளம். "எங்க ஆயா கை நெறைய பச்சை குத்தியிருந்தா. எனக்கு நெஞ்சுல குத்துறாங்க" என்று அக்கா பிறகு சொன்னார்.

கதிர் வைக்கும் நாளில் அறைக்குள் மொத்தம் கால் மணி நேரம். அதில் பெரும்பகுதி நம்மைச் சரியாகப் படுக்க வைப்பதற்கே போகும். கதிர் பாய்வது சில நிமிடங்கள்தான். வலிக்காது, சுடாது. ஆள்கள் வெளியே போய்க் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆனால் கேமராவில் பார்த்துக்கொண்டும் மைக்கில் பேசிக்கொண்டும் இருப்பார்கள். இடது மார்பு என்றால் அடியில் இதயம் இருக்கிறது. அதனால் பல மையங்களில் மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வார்கள். நெஞ்சு விரியும்போது இதயம் மார்பிலிருந்து விலகிக் கீழே நகரும். அந்த நேரத்தில் மட்டும் கதிர் வரும்.

பக்க விளைவுகளில் முதலில் வருவது சோர்வு. இரண்டாவது வாரத்துக்கு மேல் மதியம் படுத்தே ஆக வேண்டும் போல் இருக்கும். அடுத்தது தோல். வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்து, கருத்து, மார்பின் அடி மடிப்பிலும் அக்குளிலும் சிலருக்கு உரியவும் செய்யும். பெரும்பாலும் முடிந்த சில வாரங்களில் ஆறிவிடும். தளர்வான பருத்தி உடை போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மஞ்சள், வேப்பிலை விழுது, காயத் தைலம் எல்லாம் நமக்குக் கைவந்த வைத்தியம்தான். ஆனால் கதிர் பட்ட தோலில் அங்குள்ள தாதியிடம் கேட்காமல் எதையும் பூசாதீர்கள். தலைமுடி இதனால் கொட்டாது. அது கீமோ என்ற மருந்துச் சிகிச்சையால் வருவது. நீண்ட காலத்தில் மார்பு கொஞ்சம் இறுகலாம், சுருங்கலாம். அக்குளுக்கும் கதிர் வைத்தால் கை வீங்கும் வாய்ப்பு கூடும். நுரையீரல் அழற்சி, விலா எலும்பு முறிவு, இதயக் கோளாறு ஆகியவை அரிதாக வரலாம். வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் சொல்லத் தயங்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து இயந்திரத்தால் வைக்கும் இந்தக் கதிர் உடம்பில் தங்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் தங்குமா? அன்று மாலையே பேரனைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், கணவர் பக்கத்தில் படுக்கலாம். இது தெரியாமல் தனிப் பாயில், தனித் தம்ளரோடு இரண்டு மாதம் ஒதுங்கிக் கிடந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். நோயைவிட அந்த ஒதுக்கம்தான் அவரை உடைத்துவிட்டது.

கீமோ போட்டவர்கள் "அதுவே போதாதா?" என்பார்கள். போதாது. கீமோ இரத்தத்தில் கலந்து உடம்பு முழுதும் போகிறது. மார்புக்குள் மிஞ்சியதைத் துடைக்கும் வேலையைக் கதிர் அளவுக்கு அது செய்வதில்லை. பொதுவாகக் கீமோ முடிந்த பிறகு கதிர். ஹார்மோன் மாத்திரை வேறு கணக்கு. அது ஆண்டுக்கணக்கில் தொடரும்.

எல்லோருக்கும் இந்த வழி பொருந்தாது. கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் கதிர் வைக்க மாட்டார்கள். அதே நெஞ்சில் முன்பு கதிர் வைத்தவர்கள், தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா போன்ற நோய் உள்ளவர்கள், மார்பு முழுக்கப் பரவலாக நோய் இருப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் முழு மார்பையும் எடுப்பதே வழி. மார்பின் அளவுக்குக் கட்டி பெரிதாக இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு மார்பைக் காப்பாற்றப் பார்ப்பதும் உண்டு. முழு மார்பையும் எடுத்துவிட்டால் கதிரிலிருந்து தப்பிக்கலாம் என்பதும் எப்போதும் உண்மையில்லை. கட்டி ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ, அக்குள் கணுக்கள் நான்கு அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டிருந்தாலோ அவர்களுக்கும் பொதுவாகக் கதிர் வேண்டும்.

வயதானவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர், சிறிய கட்டி, கணுக்களில் நோய் இல்லை, ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும் வகை என்றால், மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டு கதிரைத் தவிர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று இப்படிப்பட்ட பெண்களைப் பத்து ஆண்டுகள் பார்த்ததில், மார்பில் திரும்பியது கதிர் இல்லாமல் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை, கதிரோடு ஒருவர். உயிர் பிழைத்ததில் வித்தியாசம் இல்லை. இது மருத்துவர் அறிக்கையைப் பார்த்துச் சேர்ந்து எடுக்கும் முடிவு. தூரத்துக்குப் பயந்து நாமே எடுப்பது வேறு. அக்காவுக்கு 52 வயது. இந்த விலக்கு அவருக்கு இல்லை.

தூரம் என்றேன். நம் ஊர்களில் உண்மையான தடை அதுதான், பயம்கூட அடுத்ததுதான். கதிர் இயந்திரம் எங்கள் மாவட்டத் தலைநகரான குளுவாங்கில் இல்லை. ஜொகூர் பாருவில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையில் இருக்கிறது. கோலாலம்பூர், புத்ராஜெயா என்று பெரிய ஊர்களில் இருக்கிறது. ரெங்கத்திலிருந்து போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி, நடுவில் சில நிமிடக் கதிர். இதைப் பதினைந்து நாள் செய்ய வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் நாள் கூலிக்குப் போகிறவருக்கு இது சம்பளம், வண்டிக்காசு, வீட்டுச் சமையல் எல்லாம் சேர்ந்த கணக்கு. அதை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆகவே அறுவைக்கு முன்பே கேளுங்கள். "மார்பைக் காப்பாற்றினால் எனக்கு எத்தனை நாள் கதிர்? எங்கே? எப்போது தொடங்கும்?" அந்த நாள்களுக்கு வர முடியவே முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கதிரை முடிக்க வழியில்லாதவருக்கு முழு மார்பையும் எடுப்பது பாதுகாப்பான முடிவாக இருக்கலாம். பாதி வழியில் நிற்பதுதான் மோசம். ஒரே நேரத்தில் தினமும் இடம் கேட்டால் பல சமயம் ஒதுக்கித் தருவார்கள். வேலையிடத்தில் சொல்ல வசதியாக இருக்கும். மருத்துவமனையில் சமூகநல அதிகாரி இருப்பார், தங்குமிடம் பற்றி அவரிடம் கேளுங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் தகுதி உள்ளவர்களுக்குப் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரையும், பயணத்துக்குத் தீபகற்பத்தில் 500 ரிங்கிட் வரையும் உதவித்தொகை வைத்திருக்கிறார்கள். நிபந்தனைகள் மாறலாம், கவுண்டரில் கேட்டு மனு போடுங்கள். கேட்காதவருக்கு அது தானாக வராது.

அக்காவின் கணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. திங்கள்கிழமை காலை வேனைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார். முதல் வாரம் அவர் ஓட்டினார். இரண்டாவது வாரம் மகன் விடுப்பு எடுத்தான். மூன்றாவது வாரம் கோயில் பெண்கள் ஆளுக்கொரு நாள் துணைக்குப் போனோம். பன்னிரண்டாம் நாள் அடி மடிப்பில் தோல் உரிந்து, "நாளைக்கு வரல" என்றார். அங்குள்ள தாதி ஒரு மெல்லிய பஞ்சுக் கட்டைப் போட்டுவிட்டு, இன்னும் மூன்று நாள்தான் என்று விரலை மடக்கிக் காட்டினாராம். பதினைந்தும் முடிந்தது.

இனி அவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு மார்பிலும் மெமோகிராம். நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 2012 முதல் 2016 வரை எடுத்த கணக்கில், மார்பகப் புற்றோடு வந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நோய் முற்றிய மூன்றாம், நான்காம் நிலையில்தான் வந்திருந்தார்கள். அப்படி வருகிறவர்களில் பலருக்கு மார்பைக் காப்பாற்றலாமா என்ற பேச்சே எழாது. அக்கா முன்கூட்டியே கிளினிக்குக்கு வந்ததால்தான் அவருக்குத் தேர்ந்தெடுக்க இரண்டு வழி இருந்தது. தைப்பூசம் முடிந்த மறு வாரம் அவருக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மடப்பள்ளியில் காய் நறுக்கும் ஆறு பேரில் நாலு பேர் இதுவரை மெமோகிராம் எடுத்ததே இல்லை என்று போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அன்றைக்கு அவர்களுக்கும் சேர்த்து வேனில் இடம் போட்டிருக்கிறேன்.